சறுக்கிய பிறகுதான் விழிக்கும் வண்டி

செவ்வாய்க் கோள், நாள் 411 — 16:20

பதிவு: ரொசிட்டா பர்னாந்து, மண் ஆய்வாளர், வட சமவெளி நிலையம்.

இரண்டாம் எண் பிக்கப்பில் வழக்கமான சோதனை. டயர் காற்று சரி. மின்கலம் நூறு சதவீதம். நான்கு சக்கர இயக்கத்தை மாற்றும் திருகு குமிழ் "ஆட்டோ"வில். சாதாரணத் தரையில் பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். அவை சறுக்கினால் முன்சக்கரங்களும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். இதை அமைத்தவர் எங்கள் வாகனப் பொறுப்பாளர் குருநாதன். திருகுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: "தொட வேண்டாம். அதற்குத் தெரியும்."

நாள் 412 — 07:05

துளையிடும் முகாமில் தனியாக இருக்கும் செய்யது மீரானின் காற்றுச் சுத்திகரிப்பான் விடியற்காலையில் நின்றுவிட்டது. அவரிடம் உள்ள காற்று உருளைகள் 13:30 வரை தாங்கும். தூரம் அறுபத்திரண்டு கிலோமீட்டர். ஒன்றாம் எண் வண்டியைக் குருநாதன் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருக்கிறார். அதனால் நான் மட்டும் கிளம்புகிறேன்.

ஆட்டோவில் ஓட்டினால் போய்வர மின்சாரம் போதும். நான்கு சக்கரங்களும் எப்போதும் சேர்ந்தே தள்ளும்படி பூட்டி ஓட்டினால் திரும்பும் வழியில் தீர்ந்துவிடும்.

08:40

பாறைத்தரை இருபத்துநான்கு கிலோமீட்டர், முடிந்தது. மேட்டில் முன்சக்கரங்கள் சேர்ந்தன, சமதரையில் விலகின. நான் எதையும் தொடவில்லை. குருநாதன் சொன்னது சரிதான்.

இனி உப்புத்தட்டு. மேலே நான்கு விரல் கனத்துக்கு வெள்ளை ஓடு, அடியில் ஈரச் சேறு. இதன்மேல் வண்டி போகலாம் என்று அறிக்கை எழுதியது நான். எடையை வைத்துச் சோதித்தேன். சுழலும் சக்கரத்தை வைத்துச் சோதிக்கவில்லை.

09:25

ஒன்று பிடிபடுகிறது. பின்சக்கரம் சறுக்கிய பிறகுதான் ஆட்டோ விழிக்கிறது. அரை நொடிதான். அந்த அரை நொடியில் சக்கரம் ஓட்டை உடைத்துவிடுகிறது. பிறகு முன்சக்கரங்கள் சேர்ந்து வண்டியை இழுத்துவிடுகின்றன. சற்றுத் தள்ளி மறுபடி அதே கதை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வந்த தடமெல்லாம் கறுப்பாகக் கிழிந்து கிடக்கிறது.

நிலையத்தைக் கூப்பிட்டேன்.

"குரு, ஓடு உடையுது. நாலையும் பூட்டிரட்டுமா?"

"வேண்டாங்க அம்மணி. பூட்டுனீங்கன்னா சார்ஜ் பத்தாது. அது பாத்துக்கும், நீங்க பேசாம ஓட்டுங்க."

திருகின் மேல் கை போகிறது, திரும்பி வருகிறது. பத்து நிமிடத்தில் ஏழு முறை. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

10:10

புதைந்துவிட்டது.

பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் சேற்றில். முன்சக்கரங்கள் சேரவே இல்லை. திரையில் எச்சரிக்கை: முன் கிளட்ச் சூடு அதிகம், பின்சக்கர இயக்கம் மட்டும். சேர்ந்து விலகி, சேர்ந்து விலகி, முன்சக்கரங்களை இணைக்கும் அந்தப் பகுதி சூடேறிப்போயிருக்கிறது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். குருவிடம் சொல்லிவிட்டு மண்வெட்டியுடன் இறங்குகிறேன்.

11:20

தோண்டினேன். பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். முதுகு நிமிரவில்லை. கவனித்த ஒன்று: தோண்டிய குழியில் ஊறிய உப்புநீர் ஒரு மணி நேரத்துக்குள் மேலே உறைந்து வெள்ளைத் தோலாகிவிட்டது. பார்க்கக் கெட்டியான ஓடு மாதிரியே இருக்கிறது. கைக்கோலால் தொட்டேன், உள்ளே போய்விட்டது.

மீரான் பேசினார்:

"குரு எல்லாம் சொன்னார். நீங்க திரும்பிப் போயிருங்க ரொசிட்டா. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா என்ன லாபம்?"

"சும்மா கெடங்க மீரான். பேசிப் பேசிக் காத்தத் தீக்காதீங்க."

கிளட்ச் ஆறிவிட்டது. குருநாதனிடம் கேட்கவில்லை. நான்கு சக்கரங்களையும் பூட்டினேன். வண்டி ஒரு முனகலோடு மேலே ஏறியது.

12:55

முகாம். மீரான் கதவருகில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசி உருளையைச் சிக்கனமாகத் திறந்து வைத்திருந்தார். உதடு நீலம். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவர் உடையில் மிச்சமிருந்த காற்றோடு வண்டிக்குள் இழுத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் நிறம் திரும்பியது.

13:15

திரும்புகிறோம். பழைய தடத்தைத் தொடாமல் நூறு மீட்டர் தள்ளி, நான்கும் பூட்டியபடி. ஓடு ஒரு இடத்தில்கூட உடையவில்லை. காலையிலேயே பூட்டியிருக்க வேண்டும். மின்கலம் வேகமாக இறங்குகிறது; அதை மட்டும் குருவிடம் சொன்னேன்.

15:20

நின்றுவிட்டது. பாறைத்தரைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். வண்டிக்குள் இருக்கும் காற்று இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம். மீரான் தூங்குகிறார், எழுப்பவில்லை.

15:42

குருநாதன் குரல்:

"அம்மணி, ஒன்னாம் நம்பர் வண்டிய திரும்பச் சேத்து எடுத்துட்டனுங்க. பாதிப் பாறை தாண்டியாச்சு. இன்னும் அர மணி நேரத்துல தட்டுக்கு வந்துருவேன். பயப்படாதீங்க, ஆட்டோவுல போட்டுட்டு உங்க தடத்தையே புடிச்சு வந்தர்றேன்."

என் தடத்தையே.

15:44

பதில் போகவில்லை. கேட்க முடிகிறது, பேச மின்சாரம் இல்லை. ஆறு முறை முயன்றேன். "தடத்தில் வராதீர்கள், தள்ளி வாருங்கள், பூட்டுங்கள்." ஒரு சொல்கூடப் போகவில்லை. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவது கேட்கிறது.

என் தடம் முழுக்க இந்நேரம் தோல் மூடியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் வழவழப்பான நல்ல பாதை. நிலையத்தில் வேறு வண்டி இல்லை.

15:47

என் உடையில் நாற்பது நிமிடக் காற்று. மீரானின் உடையில் ஒன்றுமில்லை. உடை ரேடியோ நானூறு மீட்டர் மட்டுமே எட்டும். அவர் தட்டில் இறங்குவதற்குள் அந்த எல்லைக்குள் நான் போய்ச் சேர வேண்டும். ஓடினால் முடியலாம். ஓடினால் காற்று சீக்கிரம் தீரும்.

மீரான், இதைப் படித்தால் கதவைத் திறக்காதீர்கள். நான் போய்விட்டதால் காற்று உங்களுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் வரும்.

வேறு யாராவது படித்தால்: ஓட்டின் மேல் ஏறும் முன்பே பூட்டுங்கள். வண்டி சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிக்கையில் நான் எழுதியது தவறு, என் பெயரைப் போட்டே திருத்துங்கள்.

அடிவானத்தில் தூசி தெரிகிறது. நினைத்ததைவிட வேகமாக வருகிறார். இறங்குகி—