குதிகால் பள்ளங்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை மருந்தகத்தில் வேலை பார்க்கும் தைரியத்தில் நீயே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்கிறாயா? போனில் கேட்டால் மழுப்புவாய். எழுத்தில் பதில் வேண்டும்.

ஒரு செய்தி. நம் ஊரில் வரப்போகும் மேம்பாலத்தின் இறக்கம் நம் தெருவில் விழுகிறது. வேலை தொடங்குமுன், பாலத்தால் எந்தெந்தப் பழைய கட்டடங்களுக்குக் கேடு வரும் என்று கண்டறிந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. வரைபடத்தை விரித்தபோது நம் வீட்டின் மேலேயே சிவப்புக் கோடு ஓடியது.

சொந்த வீடு என்பதால் நான் அதைத் தொடக்கூடாது. மேலதிகாரியிடம் சொல்லி விலகிக்கொண்டேன். எங்களோடு வேலை செய்யும் கட்டடக் கலைஞர் வருவார். ஆள் பனைமரம் மாதிரி. நெட்டையர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எல்லாவற்றையும் காட்டு. ஊரின் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்த இடம், அப்பா வாங்கியபின்னும் எதையும் இடிக்கவில்லை என்று சொல். முக்கியமான கட்டடம் என்று பதிவானால் பாலத்தைத் தள்ளிப் போடப் பார்ப்பார்கள். நம் வீடு தப்பிவிடும்.

உன் தங்கை, வாலு


பிப்ரவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

டாக்டரைப் பார்த்துவிட்டேன். மாடிப்படி ஏறாதே என்கிறார். படுக்கையறையோ மாடியில். அவரிடம் சிரித்துவிட்டு வந்தேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குடியிருந்துகொண்டு கடிதம் எழுதுகிற பைத்தியம் நான் ஒருத்திதான். ஆனால் போனில் நீ “சரிக்கா, சரிக்கா” என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். இதைச் சொல்ல எனக்கு முழுதாக நேரம் வேண்டும்.

வீடு தப்பிவிடும் என்று எழுதியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

பாலம் வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து புலம்பியபோது நானும் உச்சுக்கொட்டினேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மூச்சு லேசானது. கூடம் எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். அதில் ஒரே ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று தெரியாது. அப்பா போனபின் நான் சுவரோடு பேசுகிறேன். மழை வந்தால் வாளிகளோடு ஓடுகிறேன். நீ எப்போதாவது வந்து, தூணைத் தடவிப் பார்த்து, “எதையும் மாத்திடாதக்கா” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுகிறாய்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு பார்த்து வைத்திருக்கிறேன். லிப்ட் இருக்கிறது. சமையலறையில் காலை வெயில் விழுகிறது. நானாக இந்த வீட்டை விட்டுப் போனால், அப்பா வீட்டை அம்போவென்று விட்டுவிட்டாள் என்பார்கள். பாலம் எடுத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் நெட்டையர் வரட்டும். இங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கோபம் இல்லை. வீட்டைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியோ விடச் சொல்லியோ அவரிடம் நான் வாய் திறக்க முடியாது. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பொய் மட்டும் சொல்லாதே. நீ சொல்வதை நம்பி அவர் எழுதுவார். உனக்கு அந்த வீடு வேண்டாம் என்றால், அது உண்மை. அதையும் அவரிடமே சொல். நானும் இனிமேல் தூணைத் தடவமாட்டேன்.

அந்தக் குடியிருப்பு எத்தனையாவது மாடி? பால்கனி உண்டா? நீ எழுதவே இல்லையே.

வாலு


மார்ச் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நெட்டையர் வந்துவிட்டுப் போனார். வாசற்படியில் தலையை இடித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார், பாவம்.

நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் ஒற்றை வார்த்தையில் பதில். மனிதர் அசரவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்தின் மரத்தரையில் மண்டியிட்டார். உள்ளங்கையால் தடவிக்கொண்டே போய், சுவரோரம் வரிசையாக இருக்கும் பள்ளங்களில் நின்றுவிட்டார்.

“இது என்னம்மா, வரிசையா?”

“பழைய மரம். கரையான் அரிச்சிருக்கும்.”

அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டுக் கரையான் என்று எழுதப் போனார். அங்கேதான் எனக்கு என்னமோ ஆகிவிட்டது.

“எழுதாதீங்க சார். அது கரையான் இல்ல. குதிகால்.”

அப்புறம் என் வாயை யார் அடைப்பது? அந்தச் சுவர் முழுக்க டெலிபோன் பலகை இருந்ததையும், ஊரில் முதன்முதலில் சம்பளத்துக்கு வேலைக்கு வந்த பெண்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து இணைப்புக் கொடுத்ததையும், நாற்காலியைப் பின்னால் தள்ளக் குதிகாலை ஊன்றி ஊன்றியே மரம் குழிந்ததையும் சொன்னேன். நீ விடுதியில் தங்கிப் படித்தபோது அந்த ஆபரேட்டர்களில் ஒரு வயதான அம்மாள் இங்கே வந்திருந்தார். அப்பா நாற்காலி போட்டதும் யாரும் காட்டாமலே தன் இடத்தில் போய் உட்கார்ந்து, குதிகாலைப் பள்ளத்தில் வைத்துக்கொண்டார். ஆற்றில் வெள்ளம் வந்த அன்று ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லையாம். வாசலில் தண்ணீர் ஏற ஏற, கரையோரம் போன் இருந்த ஒவ்வொரு இடத்தையும் கூப்பிட்டு, “கிளம்புங்க, மேட்டுக்குப் போங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். தன் வீட்டில் போன் இல்லை, சொல்ல வழியில்லை என்றும் அந்த அம்மாள் சொன்னார். மேற்கொண்டு அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நெட்டையர் எழுதுவதை நிறுத்திவிட்டார். “இத விட்டுட்டு எப்படிம்மா எழுதறது?” என்றார். விட வேண்டாம் என்றேன். நான் இங்கிருந்து போக ஆசைப்படுவதையும், நீ சொன்னபடியே, சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை டீ போட்டுக் கொடுத்தேன்.

என் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன் பார். அவர் போனபின் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது மாடி. பால்கனி உண்டு.

அக்கா


மே 20

அன்புள்ள அக்கா,

முடிவு வந்துவிட்டது. பொறியாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் பாலத்தின் இறக்கம் அடுத்த தெருவில் காலியாகக் கிடக்கும் கிடங்குப் பக்கம் போகிறது. வீடு நிற்கும்.

உனக்கு இது சந்தோஷச் செய்தி இல்லை என்று தெரியும். அதனால் அடுத்ததை நிதானமாகப் படி.

பட்டியலில் ஏறியது வீடு அக்கா, நீ ஏறவில்லை. அதை இடிக்கக்கூடாது, அவ்வளவுதான். நீ அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்தக் குடியிருப்பை இன்றைக்கே பேசி முடி.

நம் ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். கூடத்தில் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிட நானும் பழகுகிறேன். வாளியோடு ஓடவும் என் முழங்கால் இன்னும் தாங்கும். யாராவது ஏதாவது கேட்டால், தங்கச்சி வந்து துரத்திவிட்டாள் என்று சொல். என் பெயர் ஏற்கனவே கெட்டதுதான்.

வாலு


ஜூலை 9
புது வீடு

அன்புள்ள வாலுவுக்கு,

நடந்தால் கால் மணி நேரத்தில் உன்னிடம் வந்துவிடலாம். இருந்தாலும் எழுதுகிறேன். பழக்கம் விடவில்லை.

கொல்லைக் குழாயை இறுக்கித் திருகாதே, கழன்று கையோடு வந்துவிடும். மாடி ஜன்னலைத் தோளால் முட்டினால்தான் திறக்கும். ராத்திரி மரத்தரை சத்தம் போடும். பயப்படாதே, குளிர்ந்தால் அப்படித்தான்.

நேற்று உன்னை அங்கே விட்டுவிட்டு இங்கே வந்ததும் சாமான் எதையும் பிரிக்கவில்லை. வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை, எங்கும் ஒழுகவில்லை. கொஞ்சம் அழுதேன். அப்புறம் நன்றாகத் தூங்கிவிட்டேன். விடிந்ததும் லிப்டில் சும்மா ஒரு தரம் கீழே போய்விட்டு மேலே வந்தேன். காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வா. எனக்கு உதவும் என்று அப்பாவின் நாற்காலியையோ பாத்திரத்தையோ தூக்கிக்கொண்டு வராதே. எல்லாம் அங்கேயே இருக்கட்டும். நீ மட்டும் வா.

அக்கா