மந்திரி விட்டுப்போன பாதிக் கோலாக்காய்

மந்திரி அண்ணாச்சி,

இன்று ஸ்க்ரூ ஒன்றைத் தேடி டூல் பாக்ஸைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து நீங்கள் கொடுத்த பாதிக் கோலாக்காய், உங்கள் ஊரில் பாக்கு மாதிரி மெல்லும் அந்தக் கசப்புக் கொட்டை, உருண்டு வந்தது. காய்ந்து கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிட்டது. மோந்து பார்த்தேன். கிரீஸ் வாடைதான் அடித்தது.

இங்கே கல்ஃபில், அல் கூஸ் குடோன் கேட்டில் நீங்கள் வாட்ச்மேன், நான் ஏசி மெக்கானிக். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு மீன்வளத்துறை மந்திரியாக இருந்ததாக நீங்கள் சொன்னபோது ரூமே சிரித்தது. "அப்போ நான் கவர்னர்" என்றேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவனுக்கு அதற்குமேல் ஒரு பதவி தெரியவில்லை. கிண்டலுக்கு வைத்த 'மந்திரி' போகப்போக மரியாதையாக ஒட்டிக்கொண்டது.

நம் பேச்சில் பாதி இந்தி, பாதி கை ஜாடை. அதிலேயே உங்கள் கதை முழுவதும் கேட்டுவிட்டேன். வாத்தியார் வேலையிலிருந்து எம்.பி. ஆனது, மந்திரியானது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உங்களைக் கொண்டுபோக ஒரு கேப்டன் வந்தது. யார் வாசலுக்கு வந்தாலும் கோலாக்காயை உடைத்து நீட்டுவது உங்கள் ஊர் வழக்கம். அவனுக்கும் நீட்டினீர்கள். பழக்கதோஷம், வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"தின்னுட்டான் பாய். தின்ன கையால எப்படி அடிப்பான்? ஜெயில்ல விட்டுட்டுப் போயிட்டான்."

இதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரிப்பீர்கள்.

என் மகள் கிளாஸ் லீடர் தேர்தலில் நின்றபோது, என் ஃபோன் கார்டு தீரும்வரை அவளுக்கு ஆங்கிலத்தில் பாடம் எடுத்தீர்கள். அவள் தோற்றாள். நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன்.

"அச்சா. தோத்தவங்கதான் வீட்ல நிம்மதியா தூங்குவாங்க" என்றீர்கள்.

அப்படிச் சொன்ன நீங்களே, ஊரில் மறுபடி தேர்தல் என்றதும் விசாவை கேன்சல் செய்துவிட்டுக் கிளம்பினீர்கள். கம்பெனி வேனில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனது நான்தான்.

"போகாதீங்க அண்ணாச்சி. இங்க கேட்டைத் திறந்து மூடினா சோறு."

"அடுத்தவன் கேட்டை எவ்வளவு நாள் திறக்கிறது பாய்? என் சனங்களுக்கு யாரு திறப்பா?"

"இதை அங்க மேடையில சொல்லுங்க. ஓட்டு விழும்."

சிரித்துக்கொண்டே கோலாக்காயை உடைத்தீர்கள். பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் கையில் வைத்தீர்கள். "வச்சிரு. நான் வரும்போது சேர்ந்து தின்போம்."

ஜெயித்தீர்கள். நானே ஜெயித்த மாதிரி ரூமுக்கு பிரியாணி வாங்கிப்போட்டேன்.

அது செரிப்பதற்குள் என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடியும் ராணுவம். தேரா கடையில் உங்களுக்குக் கோலாக்காய் விற்ற உங்கள் நாட்டுக்காரர்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நீங்கள் உடைத்து நீட்டினீர்களாம்.

"மாஃபி, இல்லை பாய். வாங்கலை."

அன்று துக்கத்துக்குக் கடையைச் சாத்திவிட்டார்.

மகளிடம் இதுவரை நான் சொல்லவில்லை. நேற்று ஃபோன் செய்தாள். காலேஜ் தேர்தலில் நிற்கிறாளாம். வேண்டாம் என்று வாய்வரை வந்தது. நீங்கள் பாடம் எடுத்த பிள்ளை, கேட்கவா போகிறாள்?

"மந்திரி மாமாட்ட சொல்லிருங்கப்பா. இந்தத் தடவை ஜெயிப்பேன்."

"சொல்லுதேன்மா" என்றேன்.

சொல்லிவிட்டேன், அண்ணாச்சி. காயை மறுபடி டூல் பாக்ஸிலேயே வைத்துவிட்டேன். சேர்ந்துதானே தின்ன வேண்டும் என்றீர்கள்.