"எடுத்தாச்சு" என்று சொன்ன பிறகு

மதினி,

நேற்று சாரல் இறங்கிவிட்டது. அலமாரியைத் திறந்ததும் தோல் உறையில் பூத்த பூஞ்சண வாசம் குப்பென்று அடித்தது. உங்கள் காமிராப் பெட்டிதான். அதைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் என் மூக்கையும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேச வேண்டும் போல இருந்தது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தபோது நகைப்பெட்டியோடு இதையும் கொண்டுவந்தீர்கள். கொழும்பில் கடை வைத்திருந்த உங்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆரம்பத்தில் நீங்களும் எல்லோரையும் போலத்தான் எடுத்தீர்கள். நாற்காலி, பூச்சாடி, முழங்கால் மேல் கை, முறைக்கிற முகம். படம் திருநெல்வேலிக்குப் போய்க் கழுவி வரும். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவீர்கள்.

பிறகு ஒரு சாரல் காலத்தில், ஈரத்தில் பெட்டியின் விசை சிக்கிக்கொண்டது. அது தெரியாமல் அழுத்திவிட்டு "எடுத்தாச்சு" என்றீர்கள். நான் அப்பாடா என்று மூக்கைச் சொறிந்தேன். அப்போதுதான் விசை டக்கென்று விழுந்தது. படம் வந்ததும் எனக்கு அழுகை வந்தது. நீங்களோ குதித்தீர்கள்.

"ஏட்டி, இதாம்ட்டி நீ! படம் எடுக்கப் போறாங்கன்னதும் எல்லாரும் வேற ஆளாயிருதாங்க. எடுத்தாச்சுன்னு சொன்னாத்தான் திரும்பி வருதாங்க."

அன்றிலிருந்து பொய் சொல்லித்தான் படம் எடுத்தீர்கள். வீட்டுப் பெண்கள் விழித்துக்கொண்ட பிறகு, இரண்டு தரம் "எடுத்தாச்சு" சொல்லி ஏமாற்றினீர்கள். கள்ளி! எங்கள் அப்பாவுக்கு மட்டும் இந்தச் சூது தெரியாது. அவர் முன்னால் நீங்கள் பெட்டியைத் திறந்ததே இல்லை.

அவருடைய அறுபதாம் கல்யாணம் வந்தது. மறுநாள் குற்றாலத்தில், அருவி பின்னால் தெரிய, குடும்பத்தோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். உங்களையே எடுக்கச் சொல்லலாம் என்று அண்ணன் கெஞ்சினான்.

"சரி, எடுக்கட்டும். வெளங்கலைன்னா அந்தப் பொட்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது. அவ அப்பா வீட்டுக்கே போயிரணும்" என்றார் அப்பா.

அதற்கு முன் எடுத்தது போக, சுருளில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் மிச்சம். "இன்னைக்கு ஒரு நாளாவது ஒழுங்கா எடுங்க மதினி" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சரிட்டி" என்றீர்கள்.

அப்பா பட்டுடுத்தி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அம்மா ஒரு முழம் தள்ளி, தலை குனிந்து. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நீங்கள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, குனிந்து பார்த்து, "எடுத்தாச்சு மாமா" என்றீர்கள்.

பாவி, எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சித்தப்பா கொட்டாவி விட்டார். நான் தாவணியைப் பிழிந்தேன். அப்பா அம்மா பக்கம் திரும்பி, "குங்குமம் வழியுது, நில்லு" என்று தன் அங்கவஸ்திரத்து நுனியால் அவள் நெற்றியை ஒற்றினார். நாலு பேர் பார்க்க அம்மாவின் பக்கத்தில்கூட உட்காராத மனிதர்! டக்கென்ற சத்தம் அருவி இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

படம் தபாலில் வந்த அன்று, "அய்யோ, நான் எங்கன போயி மூஞ்சிய வைப்பேன்" என்று அம்மா அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். நீங்கள் பெட்டியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றீர்கள். அப்பா படத்தை முற்றத்து வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, அன்னைக்கு எடுத்தாச்சுன்னு சொன்னது பொய்யா?"

"ஆமா மாமா."

"ம்." மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டார். "சுரண்டை ஆசாரிட்டச் சொல்லி நல்ல தேக்குச் சட்டம் போடச் சொல்லுலே. வாரவங்க கண்ணுல படுத மாதிரி மாட்டணும்."

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடையத்துச் சொந்தக்காரர்கள் உங்களைக் கூட்டிவர வண்டி அனுப்பினார்கள். வீரகேரளம்புதூரிலிருந்தும் கூப்பிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஒங்க மருமக எடுக்குத மாதிரி வேணும்." கேட்கும்போதெல்லாம், "எங்க மதினியாக்கும்!" என்று நான் முந்திக்கொண்டு சொல்வேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் அடங்கவில்லை.

நீங்கள் போன பிறகு மாலை போட ஒரு படம் தேடினோம். உங்கள் கல்யாணப் படத்தை அண்ணன் எடுத்து வந்தான். அதில் பொம்மைபோல யாரோ நின்றாள். நான் உள்ளே போய், நான் எடுத்த உங்கள் படத்தைக் கொண்டுவந்தேன்.

நினைவிருக்கிறதா? ஐந்தருவிப் பாதையில் பெட்டியைப் பிடுங்கி உங்களை நிற்க வைத்தேன். ஊருக்கெல்லாம் சொன்ன நீங்களே விறைத்துப்போய் நின்றீர்கள். "எடுத்தாச்சு மதினி" என்றேன். நீங்களும் நம்பினீர்கள்! "சரி, கொண்டா" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினீர்கள். டக்.

"கை நீட்டுத படத்துக்கா மாலை போட?" என்றான் அண்ணன். பிறகு அவனே ஆணி அடித்தான்.

தினமும் அந்தக் கை என்னைப் பார்த்து நீண்டிருக்கிறது. நாளை காலை பேத்தியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகிறேன், பெட்டியோடு. நீங்கள் கையை நீட்டிக்கொண்டே இருங்கள், மதினி. தரமாட்டேன். எனக்கு இன்னும் எடுத்தாகவில்லை.