காற்றில் போகாத ஏழு விநாடி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நடுவில் கத்துவாய். அதனால்தான் மெயில்.

"போன வார ரேடியோ உரையாடல்ல திடீர்னு பாட்டு வந்துச்சே, உன் மெஷின் புட்டுக்கிச்சா, இல்ல நீ தூங்கிட்டியா?" என்று கேட்டிருந்தாய். மெஷின் நன்றாக இருக்கிறது. நானும் விழித்துத்தான் இருந்தேன்.

நேரடி ஒலிபரப்பு என்று நாங்கள் சொல்வது ஏழு விநாடி கழித்துத்தான் உங்களுக்கு வரும். வேண்டாத பேச்சு வந்தால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அந்த ஏழு விநாடி போய், அந்த இடத்தில் இசை வரும். அரசியல், நீதி, கலை என்று உள்ளே எதைப் பேசினாலும் நான் காது கொடுப்பதில்லை. ஒலி அளவு காட்டும் முள்ளை மட்டும் பார்ப்பேன்.

அன்றைக்கு வந்தவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற அம்மா. கூட வேலை பார்ப்பவர்களை வைத்து நாடகம் போடுகிறார். மூடி உடைந்த இயந்திரத்தை ஓட்டச் சொல்லி, ஒரு தொழிலாளி செத்துப்போகிற கதை. ஓட்டச் சொல்லும் அதிகாரி கற்பனையா என்று கேட்டார்கள். "கற்பனை என்னங்க கற்பனை, நான் பக்கத்துலதான நின்னேன்" என்று சொல்லி, ஆளின் பெயரையும் சொன்னார்.

எங்கள் நிலைய இயக்குநர் அறையிலேயே இல்லை. யாரும் சொல்லவில்லை அக்கா. நானாகத்தான் அமுக்கினேன்.

வெளியே வந்தவர், "பேரு தெளிவா கேட்டுச்சா தம்பி? பதட்டத்துல முழுங்கிட்டேனோன்னு இருந்துச்சு" என்றார். தெளிவாக இருந்தது என்றேன். என் ஹெட்போனில் தெளிவாகத்தான் இருந்தது.

மறுநாள் இயக்குநர் முதுகில் தட்டி, "உன்ன மாதிரி ஆளுதான்யா வேணும்" என்றார். இந்த மாதமே வேலை நிரந்தரமாம்.

முந்தாநாள் அந்த அம்மா போன் செய்தார். சலவைக்கூடத்தில் எல்லோரும் ரேடியோ வைத்துக் கேட்டார்களாம். "பேர் சொல்ற நேரத்துல ஜகா வாங்கிட்டேன்னு சிரிக்கிறாங்க. செத்தவரோட பொண்டாட்டி மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறா. நான் சொன்னேன்ல தம்பி?" என்றார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அப்போதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பழுதில்லாத கேபிளை மூன்று தடவை கழற்றி மாட்டினேன்.

முழுப் பதிவு என்னிடம் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு மறுஒலிபரப்பு. வெட்டிய பதிவைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு. போடுகிற ஆள் நான். எல்லோரையும் கேட்கச் சொல்லுங்கள் என்று இன்று அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

யோசித்துச் செய் என்று பதில் போடாதே. யோசித்தாகிவிட்டது. நம் அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், நானே ஊருக்குப் போய்ச் சொல்கிறேன். நாளை நீயும் மாமாவும் கட்டாயம் கேளுங்கள். பத்தரைக்கு மேல் ஆபீஸ் எண்ணில் என்னைத் தேடாதே, வீட்டு எண்ணுக்குக் கூப்பிடு. திட்டுவதற்காக இருந்தாலும் பரவாயில்லை அக்கா, கூப்பிடு.

உன் அவசரக்குடுக்கைத் தம்பி