சந்தனம் வைத்த டிவிடி

வட்டம் 19,
நெய்வேலி நகரியம்,
26-10-2014, ஞாயிறு.

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம், உன் அம்மா நலம்தான், எனக்குத்தான் மூன்று வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் சுகமாக இருக்க வேண்டும், ஏழாம் மாதம் நடக்கிறது, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை விடாதே. தீபாவளிக்கு இங்கே நல்ல மழை, பட்டாசெல்லாம் நமுத்துப் போய் வெடித்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். எனக்கு இன்னும் இரண்டு மாதம்தான் சர்வீஸ், டிசம்பர் கடைசியோடு கன்வேயர் செக்ஷனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம் போக வேண்டும், பீரோவைத் திறந்தாலே மலைப்பாக இருக்கிறது. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்ததோடு உன் அம்மா அடங்கிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. எவர்சில்வர் மூடியில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் வா என்று அர்த்தம், இரண்டு தட்டினால் சாப்பாடு, மூன்று தட்டினால் கோபம், மீதியெல்லாம் சிலேட்டில். பெல்ட் ஓடுவதற்கு முன்னால் மைன்ஸில் அடிக்கிற சைரனுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. வாராவாரம் போனில் பேசுகிற ஆள் ஏன் காகிதத்தை எடுத்தார் என்று கேட்பாய். போனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் மணி, மூன்று வாரமும் அதே பொய். அதை வாயால் திருத்த எனக்கு நாக்கு எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்ட்டில் நீ கேட்டாயே, அம்மா குரல் எங்கேயாவது பதிவாகி இருக்கிறதா அப்பா, என் பிள்ளைக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று. அன்றைக்கு உன் கல்யாண டிவிடியைப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரமும் ஒரே சினிமாப் பாட்டு! பந்தலில் நூறு பேர் வாயசைக்கிறார்கள், ஒருத்தர் பேசுவதும் கேட்கவில்லை. யாரைக் குறை சொல்வது, மந்தாரக்குப்பம் வீடியோக் கடை அறிவழகனிடம் பாட்டு ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்க வேண்டும், நடுவில் சத்தம் செத்துப் போகக் கூடாது என்று மார்தட்டிச் சொன்னவனே நான்தான். அப்புறம் ஞாபகம் வந்தது, எடிட் செய்யாத டிவிடி ஒன்றை அவன் தனியாகக் கொடுத்திருந்தான், அதில் பாட்டு சேர்க்கவில்லை, பேச்சு அப்படியே இருக்கும், பெயர்கூட எழுதாத வெறும் வெள்ளித் தட்டு. அறிவழகனிடம் கேட்டால், சார் அந்த கேசட்ட எல்லாம் அழிச்சி அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுட்டேன், உங்ககிட்ட இருக்கிறதுதான் ஒண்ணே ஒண்ணு என்றுவிட்டான். பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்து எடுத்தேன். ஏழு வருஷத்தில் ஓரமெல்லாம் மங்கியிருந்தது, ஆனால் ஓடியது. அதில் உன் அம்மா நலங்குப் பாட்டு முழுவதையும் பாடுகிறாள். நான் ஒரு தடவைதான் கேட்டேன், தேயக் கூடாது என்று உடனே எடுத்து வைத்துவிட்டேன்.

இங்கேதான் என் வேலைக்காரப் புத்தி குறுக்கே வந்தது. எந்தச் சாமானையும் சோதிக்காமல் லைனில் மாட்டக் கூடாது என்று முப்பத்திரண்டு வருஷம் பழகியவன் நான். காப்பி எடுக்க மலிவு விலையில் ஒரு டிவிடி ரைட்டர் வாங்கினேன், கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி கனமே இல்லை, தட்டு வைக்கிற இழுப்பறை தொட்டால் ஆடுகிறது, ஓடும்போது மிக்ஸி மாதிரி ஒரு சத்தம். லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி வாயில் சொருகினால் கரண்டு பத்தாமல் திணறுகிறது, இரண்டு வாயிலும் சொருகுகிற வயர் போட்ட பிறகுதான் ஒழுங்காக ஓடியது. வேகமாக எழுதச் சொன்னால் தப்பு விடும், மெதுவாக எழுதச் சொன்னால் சொன்ன பேச்சைக் கேட்கும், அவ்வளவுதான் அதன் குணம். பென்டிரைவில் போட்டுக்குங்க சார் என்று கடைக்காரர் சொன்னார், நீ போன தடவை கொடுத்துவிட்டுப் போன பென்டிரைவ் என் லுங்கியோடு துவைகல்லில் செத்த கதை அவருக்கு என்ன தெரியும். ரொம்ப நாள் தாங்கும் என்று சொல்லி ஒரு ஜாதி டிவிடி தபாலில் வருகிறது, சாதாரண டிவிடியில் சாயம், இதில் கல்லு மாதிரி ஒரு படலமாம், எழுதுவதைச் செதுக்கியே விடுமாம், அட்டையில் ஆயிரம் வருஷம் என்று போட்டிருந்தான். ஆயிரம் வருஷம் கழித்துக் கெட்டுப்போனால் யார் போய்ச் சண்டை போடுவது? சரி, நாமே பார்த்துவிடலாம் என்று சாதாரணத்தில் ஒன்று, இதில் ஒன்று, இரண்டிலும் ஒரே போட்டோக்களை எழுதி, மொட்டை மாடித் துணிக்கொடியில் நாற்பது நாள் தொங்கவிட்டேன். வெயில், மழை, அனல்மின் நிலையத்துச் சாம்பல், எல்லாம் பட்டது. நாற்பதாம் நாள் கழுவிப் போட்டுப் பார்த்தால் சாதாரண டிவிடி வாயே திறக்கவில்லை, இன்னொன்று ஒரு போட்டோ விடாமல் காட்டியது. நம் சுரங்கத்து நிலக்கரியை உடைத்தால் உள்ளே மரத்தின் வரிகூட அழியாமல் இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் என்பதால் எனக்குக் கல்லின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நாற்பது நாளும் உன் அம்மா தினமும் சிலேட்டில் ஒரே வரிதான் எழுதினாள், மொதல்ல அத காப்பி எடுங்க. நான் கேட்டேனா? டெஸ்ட் முடியட்டும் செவ்வந்தி, உனக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்றேன்.

டெஸ்ட் முடிந்தது செப்டம்பர் கடைசியில். அன்றைக்கே எடுத்திருக்கலாம். ஐந்தாறு நாளில் ஆயுத பூசை, மறுநாள் விஜயதசமி, நல்ல காரியத்தை நல்ல நாளில் தொடங்குவோம் என்று மறுபடியும் தள்ளிப் போட்டேன். உனக்குத் தெரியும், ஆயுத பூசை என்றால் இந்த ஊரில் ராட்சச மெஷினில் இருந்து ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். மைன்ஸில் பூசையை முடித்துவிட்டு வந்து வீட்டில் ஸ்கூட்டர், கிரைண்டர், லேப்டாப், புது ரைட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன், பக்தி முற்றிப் போய் அம்மா குரல் இருந்த அந்த டிவிடிக்கும் வைத்தேன் மணி. இரண்டு பக்கமும் வெள்ளியாக இருந்தால் எது முகம் எது முதுகு என்று யார் கண்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இசக்கியம்மாள் சுண்டல் கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு, என்ன அண்ணாச்சி, அதுக்குமா பொட்டு வைக்கிய என்று சிரித்தாள். சிரித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, வேட்டி முனையை நனைத்து, குத்துவிளக்கைத் துடைக்கிற மாதிரி சுற்றிச் சுற்றி அழுத்தித் துடைத்தேன். போட்டால் ரைட்டர் உறுமுகிறது, நிற்கிறது, மறுபடி உறுமுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. அறிவழகனிடம் ஓடினேன், அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னா சார் நீங்க, நடுவுலேர்ந்து வெளிய பாத்து நேரா தொடைக்கணும் சார், வட்டமா தேச்சி கோடு போட்டு வெச்சிகிறீங்களே என்றான். அவன் கடையில் இருந்த பெரிய மெஷின் அதை உள்ளே வாங்கிய வேகத்திலேயே வெளியே தள்ளிவிட்டது.

அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்து காப்பி எடுத்தாச்சா அப்பா என்று கேட்டாய். எடுத்தாச்சு என்றேன். அடுத்த வாரம் கேட்டாய், பேக் செய்துகொண்டிருக்கிறேன் என்றேன். அதற்கடுத்த வாரம் தீபாவளிக் கூட்டம் முடியட்டும், அனுப்புகிறேன் என்றேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், மூடியை ஒரு தடவைகூடத் தட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஷிப்டில் பெல்ட் பக்கத்தில் நடந்தால் அதே நினைப்பு, சாப்பிட உட்கார்ந்தால் அதே நினைப்பு, ஒரு மனுஷிக்கு மிச்சம் இருந்த குரலையும் பொட்டு வைத்து அழித்துவிட்டோமே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம். குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லிசு, மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று கல்யாணம் ஆன நாளில் இருந்து அவளை அதட்டியவனும் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அறிவழகன் வீட்டுக்கே வந்தான். கெட்டுப்போன இடத்தை விட்டுவிட்டு மற்றதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிற ஒரு புரோகிராமை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்து, இந்தச் சின்ன ரைட்டர்லயே போட்டுப் பாருங்க சார், சில மெஷினு படிக்காதத சில மெஷினு படிக்கும் என்றான். காலை எட்டு மணிக்குப் போட்டேன். நான் அப்பளம் என்று கேலி செய்த அந்த ரைட்டர் முக்கி முனகி, ஒரு இடத்தில் அரை மணி நேரம் நின்று, சாயங்காலம் ஐந்து வரைக்கும் விடாமல் படித்தது. நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்த நடையில் விருத்தாசலமே போய்ச் சேர்ந்திருக்கலாம். கடைசியில் தேறியது நாலு நிமிஷம். நலங்குப் பாட்டு போய்விட்டது மணி, முதல் வரி பாதியில் நின்றுவிடுகிறது, அப்பாவை மன்னித்துவிடு. அதற்கு முன்னால் இருந்ததுதான் கிடைத்தது. நீ மணப்பெண் அலங்காரத்தில் உட்கார்ந்திருக்கிறாய், உன் அம்மா தட்டும் கையுமாக வந்து, ஏ மணி, காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம குந்திகினு கிறியே, சாப்டியா நீ, வாயத் தொற, ஒரே ஒரு இட்லி, தாலி கட்டறவன் எங்கியும் ஓடிப்பூட மாட்டான் என்று சத்தம் போடுகிறாள். அப்படியே என் பக்கம் திரும்பி, இன்னாங்க, அங்க இன்னா வேடிக்க, புள்ளைக்குத் தண்ணி எடுத்துகினு வாங்க என்கிறாள். என்ன சத்தம், வீடே அதிர்ந்தது! எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள், தோள் குலுங்கச் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிலேட்டை எடுத்து, நான் இவ்ளோ கத்தியா பேசுவேன் என்று எழுதினாள். ஆமாம், நான்தான் அதன் அருமை தெரியாமல் இருந்துவிட்டேன் என்றேன். அதை அழித்துவிட்டு, பாட்டு போனா போவுது, மறுபடி போடுங்க என்று எழுதினாள். அன்றைக்கு எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

இந்தப் பார்சலில் அந்தக் கல்லு ஜாதி டிவிடி இரண்டு இருக்கிறது, இரண்டிலும் அதே நாலு நிமிஷம்தான், மூன்றாவது எங்களிடம் இருக்கிறது. ஒன்றை வெயில் படாத இடத்தில் வை, ஒன்றை மாப்பிள்ளையின் ஆபீஸில் வைக்கச் சொல். நடுவில் இருந்து வெளியே பார்த்துத் துடை. பொட்டு கிட்டு வைத்துவிடாதே. முக்கியமாக, கையில் கிடைத்த அன்றைக்கே, நாள் நட்சத்திரம் பார்க்காமல், உன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்துவிட்டு எனக்குப் போன் செய், அது வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. வேளாவேளைக்கு மருந்து சாப்பிடு, கனமான வாளியைத் தூக்காதே, தாயும் பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடியாக இருக்க உங்கள் மூவரையும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கொ. துரைராஜ்

கீழே உள்ள இடத்தை விடச் சொல்லி அம்மா மூன்று தட்டு தட்டிவிட்டாள், அது அவள் கையெழுத்து.

மணி, இந்த டிவிடிய அப்புறம் போட்டுக்கலாம். மொதல்ல சொல்லு, சாப்டியா நீ?