கேன் தண்ணீருக்குப் போட்ட டிக்

இன்று காலை கோவிலம்பாக்கத்தில் கணக்கெடுக்கப் போன ஒரு வீட்டில் என்னை உட்காரச் சொல்லி, எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். கேன் தண்ணீர். அந்த லேசான பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டதுடி. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு உன் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. என் மேல் இருக்கும் கோபம் அதைவிடப் பழையது.

நாம் இரண்டு பேரும் முதன்முதலாகக் கணக்கெடுக்கப் போன வருஷம் அது. உலக நாடுகள் கூடி வைத்த நீடித்த வளர்ச்சி இலக்குகள் என்று பயிற்சியில் ஒரு கையேடு கொடுத்தார்கள். மற்ற நாங்கள் எல்லோரும் அதை விசிறியாக வைத்துக்கொண்டோம். நீ ஒருத்திதான் படித்தாய். படித்ததோடு விட்டாயா? சேலையூர் கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எனக்குக் கதை சொன்னாய்.

"மொதல்ல ஸ்டாக்ஹோம்ல கூடிப் பேசினாங்க. அப்புறம் ரியோ, அதுக்கப்புறம் ஜோஹன்னஸ்பர்க். நடுவுல எட்டு இலக்குன்னு வெச்சாங்க, அது முக்கியமா ஏழை நாட்டுக்கு. இப்ப பதினேழு, எல்லா நாட்டுக்கும்."

நான் கொட்டாவி விட்டேன்.

"கொட்டாவி விடாதடி. அவ்ளோ பேரு பேசி முடிச்சாலும் கடைசியில கதவத் தட்டுறது நீயும் நானும்தான். நாம பொய் எழுதினா அவங்க பேசினது அத்தனையும் பொய்."

படிவத்தில் ஆறாவது இலக்குக்கு ஒரு கேள்வி இருந்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீரை வாங்கிப் பார்த்து, நிறம், வாடை, சுவை எப்படி என்று எழுத வேண்டும். வாங்க வேண்டிய வேலையே நமக்கு வரவில்லை. வெயிலில் வந்த பெண்களாயிற்றே என்று போன வீடெல்லாம் கேட்காமலே கொடுத்தார்கள். குடித்தோம், 'நன்று' என்று டிக் போட்டோம். மூன்றாம் நாள் ஒரு வீட்டில் நீ பேச்சுவாக்கில் கேட்டாய், "இது குழாய்த் தண்ணிதானேக்கா?"

அந்த அக்கா சிரித்தே விட்டார். "இன்னாமா நீ, வூட்டுக்கு வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியையா குடுப்பாங்க? இது கேன் தண்ணி. குழாய்ல மஞ்சளா வந்துகினு கீது. பாத்திரம் கழுவத்தான் ஆவும்."

உன் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. மூன்று நாள் வேலையும் கேன் தண்ணீருக்குப் போட்ட டிக். திரும்பப் போகலாம் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மா, பேஜார் பண்ணாதீங்க. நாளைக்கு மேல அனுப்பணும்." நீ உன் படிவங்களின் மேல் 'இது தவறு' என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டாய். வேலை போய்விடுமோ என்று பயந்து, நான் என்னுடையதை அப்படியே கொடுத்தேன். உன் பக்கங்களை ஒதுக்கிவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார்கள். அறிக்கை வரைபடத்தில் நாம் போன அந்தத் தெரு, நல்ல தண்ணீர் என்று பச்சையாக வந்தது.

அதற்குப் பிறகு வேறு தெருக்களின் கணக்கெடுப்புக்கு உன்னைக் கூப்பிடவில்லை. ஒரு நாளும் நீ என்னைக் குறை சொன்னதில்லை. "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குதுடி, அதான் நம்பிட்டாங்க" என்று கிண்டல் மட்டும் செய்தாய். நீ திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு எப்போதோ ஆறியிருக்கும்.

இப்போது அதே தெருவுக்கு நான் மேற்பார்வையாளர். என் கீழே ஆறு பெண்கள். இன்று காலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "குழாய்ல புடிச்சுக் குடுங்கக்கா" என்றேன். "ஐயோ, அசிங்கமா இருக்கும்மா" என்று அந்த அம்மா கூசினார். நான் விடவில்லை. துரு வாடை அடித்தது, அடியில் மண் நின்றது. ஆறு பேரையும் வீட்டுக்கு வீடு அப்படியே கேட்கவைத்து, கண்டதை எழுதவைத்தேன்.

இந்த இலக்குகள் எல்லாம் வெறும் காகிதம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. அது தானாக வெறும் காகிதம் ஆகவில்லை. என்னைப் போல நாலு பேர் பயந்துகொண்டு எழுதியதால் ஆயிற்று.

மத்தியானம் அலுவலகத்தில் புது அதிகாரி படிவங்களைப் புரட்டினார். "மேடம், இந்தத் தெரு போன தடவை பச்சை. இப்ப செவப்பானா மேல நான் என்ன சொல்றது?"

"போன தடவை எழுதினது பொய்னு சொல்லுங்க சார். எழுதினது நான்தான்."

அவர் ஏறிட்டுப் பார்த்தார். "இத எழுத்துல குடுப்பீங்களா?"

அங்கேயே உட்கார்ந்து, பெயர், தேதி, தெரு, நான் செய்தது, நீ செய்தது எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அடியில் கையெழுத்தும் போட்டேன். அடுத்த முறை என்னையும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் போகட்டும், எனக்குக் கதவு தட்டத் தெரியும். நீ எனக்கு விட்டுப்போன சொத்து அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். வாங்கிக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தத் தெரு இன்று சிவப்பில் இருக்கிறதுடி. நான்தான் சிவப்பாக்கினேன்.