மாமா எண்ணிய மின்னல்கள்

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கிவிடும் என் அன்பு மாமாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும். போன் செய்தால் விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். "உன் வூட்டுக்காரரு தந்தி அடிக்கற மாதிரி பேசறாரு" என்று ரேவதியிடம் சொல்லிச் சிரிப்பீர்களாம். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். நீங்கள் எண்ணியது தப்பு. மூன்று கோடையாகத் தப்பாக எண்ணியிருக்கிறீர்கள். கண்டுபிடித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நம் மழைப் பைத்தியங்களின் மின்னஞ்சல் குழுவில் போடுகிறேன். உங்களைப் பார்க்காதவர்கள் அதில் பலர். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: இவர் என் மாமனார். கெலமங்கலம் பக்கத்தில் தக்காளி விவசாயி. இடி என்றால் அவ்வளவு பயம். ஆனாலும் நான் எடுத்த நல்ல மின்னல் படம் ஒவ்வொன்றிலும் என் முதுகுக்குப் பின்னால் இவர் நின்றிருக்கிறார்.

ஆரம்பம் நினைவிருக்கிறதா? கல்யாணமான முதல் கோடை. பாகலூர் ஏரிப் பக்கம் தனியாகப் படம் எடுக்கப் போயிருந்தேன். கூப்பிடு தூரத்தில் ஒரு தென்னையின் தலை பற்றி எரிந்தது. வீட்டுக்கு வந்து அதை ரேவதியிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவள் உங்களுக்கு போன் போட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கினீர்கள், ஒரு கூடைத் தக்காளியோடு.

என்னைத் திட்டத்தான் வந்தீர்கள். மாப்பிள்ளையைத் திட்ட வாய் வரவில்லை. காபி குடித்தீர்கள். ஃபேனைப் பார்த்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்த ஊர் என்று கேட்டீர்கள். கடைசியில், "அந்த மின்னல் புடிக்கறதுக்கு நானும் ஒருக்கா வரட்டுங்களா மாப்ள? சும்மா பாக்கலாம்னுதான்" என்றீர்கள். சமையலறையில் ரேவதி டம்ளரை வைத்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அன்றிலிருந்து அதுதான் அவள் சட்டம். "அப்பா கூட வந்தா போங்க. இல்லன்னா கேமரா பரணுக்குப் போவட்டும்."

பைக்கில் ஒரே ஒரு தடவைதான் வந்தீர்கள். அடுத்த வாரமே, "மூட்டு வலிங்க மாப்ள, வண்டில குந்த முடியல" என்றீர்கள். என்னோடு வேலை பார்க்கும் பாகலூர் மஞ்சுவின் பழைய வேன் அப்படித்தான் நம்மோடு சேர்ந்தது. அவனுக்கு வீட்டில் கன்னடம், ஃபேக்டரியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. உங்களை 'மாவா' என்பான், என்னை 'குரு' என்பான். உங்கள் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிரும்போது வராத மூட்டு வலி என் பைக்கைப் பார்த்தால் மட்டும் ஏன் வந்தது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. கூரையும் கதவும் உள்ள வண்டிதான் இடிக்குப் பாதுகாப்பு என்று நான்தான் உங்களுக்குச் சொல்லியிருந்தேன்.

நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டீர்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. எனக்கோ ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டும் வானத்தையே பார்க்க வேண்டும். அதனால் ஒரு வேலை கொடுத்தேன். மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள், இடி கேட்டால் நிறுத்துங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி. பத்துக்குக் கீழே வந்தால் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம், வேனில் ஏறிக் கிளம்பிவிடலாம். "சரிங்க மாப்ள, பத்து" என்று விரலை மடக்கிக் காட்டினீர்கள்.

உங்கள் எண்ணிக்கை இப்படி இருக்கும்:

"ஒண்ணு... ரெண்டு... மாப்ள, அந்த லாரிக்காரன் தார்ப்பாய் போடாம போறான் பாருங்க, உள்ள சிமெண்ட் மூட்டையா இருந்தா அவ்ளோதான்... மூணு... டேய் மஞ்சு, உங்கம்மாவுக்குச் சளி தேவலையா?... நாலு..."

"மாமா, பேசாம எண்ணுங்க."

"எண்ணிட்டுத்தான இருக்கறன்... அஞ்சு..."

இடி எப்போதும் எட்டிலோ ஒன்பதிலோ வந்து நிற்கும். சூளகிரி மலைக்கு மேல் மேகம் அப்போதுதான் காலிஃபிளவர் மாதிரி பொங்கி, தலை தட்டையாகி, அடியில் கறுத்து, படம் எடுக்கும் பக்குவத்துக்கு வந்திருக்கும்.

"கிளம்பலாங்க மாப்ள."

"இன்னும் ரெண்டே படம் மாமா."

"எட்டுதாங்க வந்துச்சு. நீங்க போட்ட கணக்குதான்."

என் கணக்கை வைத்தே என்னை மடக்குவீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டாண்டை மடக்குவேன். வேன் கதவைச் சாத்தியதும் உங்கள் முகம் தெளிந்துவிடும். துண்டில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையை அவிழ்ப்பீர்கள்.

உங்கள் பேச்சு உபயோகமாக இருந்த இடமும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. சென்னை ரேடார் படத்தில் நம் ஊர் ஓரத்தில் ஒரு மங்கல்தான். பிரவுசிங் சென்டரில் சாட்டிலைட் படம் திறப்பதற்குள் மழை பெய்தே ஓய்ந்துவிடும். நீங்களோ குருபரப்பள்ளியில் டீக்கடை வைத்திருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு போன் போட்டு, "அங்க காத்து திரும்பிடுச்சா?" என்பீர்கள். அவர் தன் மகள் வளைகாப்பிலிருந்து ஆரம்பிப்பார். வேன் எல்லையைத் தொட்டு போன் கர்நாடக டவருக்குத் தாவியதும், "ரோமிங்கு, ரோமிங்கு, வெய்யி!" என்று நீங்களே அலறுவீர்கள். காற்று திரும்பியதா இல்லையா என்பது மட்டும் பல நாள் வராது. அது வந்த நாட்களில் நமக்கு நல்ல படம் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. மின்னலுக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே. ஒரு சாயங்காலம் நிற்க வைத்தேன். "இருபது நொடி ஆடாம நிக்கணும் மாமா" என்றேன். மின்னல் கம்பி மாதிரி துல்லியமாக விழுந்திருக்கிறது. நீங்கள்தான் இல்லை. உங்கள் இடத்தில் வெள்ளையாக ஒரு புகை, அதில் வேனைப் பார்த்து நீட்டிய ஒரு கை. அப்போதும் எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள்.

போன மார்கழியில், வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத காலையில், நாற்றுக்குத் தண்ணீர் விட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாலை போட நல்ல படம் ஒன்று கேட்டார்கள். பீரோ நிறைய மின்னல் வைத்திருக்கும் என்னிடம் உங்கள் படமாக அந்தப் புகைதான் இருந்தது. கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். அதில் யாரையோ முறைக்கிறீர்கள். யாரை மாமா?

பங்குனி முடிந்து வெயில் ஏறியது. கேமரா பரணில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் பேச்சை எடுக்கவில்லை. முதல் மழை பெய்த அன்று மட்டும், படம் எடுக்கப் போகட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"எண்ணறதுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

"நானே எண்ணிக்கறேன்."

"நீங்க கரெக்டா எண்ணுவீங்க. அதான் பயமா இருக்குது."

எனக்குப் புரியவில்லை. கரெக்டாக எண்ணுவதில் என்ன பயம்? கோபம்தான் வந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மஞ்சு வந்தான். போன வருஷம் தன் புது போனில் எடுத்த ஒரு வீடியோ கிடைத்தது என்றான். படம் மோசம். ஒரே கறுப்பு, நடுவில் ஒரு வெளிச்சம். ஆனால் உங்கள் குரல் அப்படியே இருந்தது. "ஒண்ணு... ரெண்டு..." லாரிக்காரன், மஞ்சுவின் அம்மாவுக்குச் சளி, என் சட்டையில் பட்டன் இல்லாதது, "மாமா, பேசாம எண்ணுங்க", எல்லாம் இருந்தது. ரேவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நான் என்ன பார்த்தேன் தெரியுமா? ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த நொடியைப் பார்த்தேன். என் புத்தி அப்படி.

வெளிச்சத்துக்கும் இடிக்கும் நடுவில் இருபத்துநான்கு நொடி. நீங்கள் எட்டு என்றீர்கள்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அப்போதும் இருபத்துநான்குதான். ஃபேக்டரியில் ஒரு ஆள் ஒரு பீஸை எத்தனை நொடியில் முடிக்கிறான் என்று ஸ்டாப்வாட்ச் பிடிப்பதுதான் மாமா என் வேலை. அரை நொடி இழுத்தால் கேள்வி கேட்பேன். மூன்று கோடை என் காதுக்குப் பக்கத்திலேயே நின்று நீங்கள் மூன்று மடங்கு இழுத்தீர்கள், நான் பேசாமல் எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பா ஏமாத்திருக்காரு" என்றேன்.

"தெரியும்" என்றாள். அழுதபடியே சிரித்தாள். "ஒவ்வொரு தடவையும் வந்து சொல்லிச் சிரிப்பாரு. 'இன்னிக்கு லாரிக்காரன வெச்சு ரெண்டு நம்பர் இழுத்துட்டன் கண்ணு. மாப்ளகிட்ட வான்னு சொல்ல முடியாது, கணக்கு சொன்னா வந்துடுவாரு'ன்னு."

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மழையே பெய்யாத இடத்தில், மேகத்தை விட்டுப் பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். முப்பது நொடிக்குள் இடி கேட்டாலே உள்ளே போய்விட வேண்டுமாம். குழுவில் 'பத்து' என்று எழுதிவைத்தவன் நான்தான். நண்பர்களே, அதை அழித்துவிடுங்கள். முப்பது. உங்களுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது மாமா. உங்களுக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். என்னைக் கூட்டிப்போக அது போதுமானதாக இருந்திருக்கிறது.

போன ஞாயிறு மதியம் கிழக்கே மேகம் எழுந்தது. மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன ரேவதி அதை எடுக்காமலே இறங்கி வந்தாள். பரணுக்கு அடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நானும் ஒருக்கா வரேன்" என்றாள். "சும்மா பாக்கலாம்னுதான்."

கெலமங்கலம் ரோட்டில் நாம் வழக்கமாக வேனை நிறுத்தும் இடம்தான். நீங்கள் நிற்கும் இடத்தில், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். முதல் மின்னல் தூரத்தில் வெட்டியது. எண்ணினேன். முப்பத்தைந்தில் இடி. "இன்னும் நேரம் இருக்கு" என்று திரும்பினேன்.

"கரெக்டா எண்ணிட்டீங்க" என்றாள். பாராட்டு இல்லை என்று எனக்கே புரிந்தது. கேமராவைப் பரணில் மறுபடி ஏற்றிவிடுவாள் என்பதும் புரிந்தது.

அடுத்தது வெட்டியது. ஒண்ணு. ரெண்டு. அதற்குமேல் என்ன பேசுவது? லாரி எதுவும் வரவில்லை. மஞ்சு என்னையே பார்த்தான்.

"ரெண்டு... மாமா, உங்க பையன் தக்காளியைக் குறைச்சிட்டு நீங்க வேண்டாம்னு சொன்ன குடைமிளகாயைப் போட்டிருக்கான்... மூணு... நல்லாத்தான் வந்திருக்கு..."

"ஏங்க! அது அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

"நாலு... குருபரப்பள்ளிக்காரர் பேரன் பிறந்ததைச் சொல்ல உங்க நம்பருக்குத்தான் கூப்பிட்டார்..."

"நான்தான் எடுத்தேன். ஒரு மணி நேரம் பேசனாரு."

"அஞ்சு... ரோமிங்ல இல்லையே?"

அவள் சிரித்துவிட்டாள் மாமா. மார்கழிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. ஆறில் என் சட்டைப் பட்டனைப் பற்றி அவளே சொன்னாள். ஏழில் மஞ்சு தன் அம்மாவின் சளியைப் பற்றிச் சொன்னான். ஒன்பதில் இடி வந்தது.

"கிளம்பலாம்" என்றேன். நானேதான் சொன்னேன்.

"ஏன் குரு, இது ஒம்போதா? எங்க ஊர்ல இத இருபத்தேழுன்னு சொல்றது" என்றான் மஞ்சு.

"ஏறுடா வண்டில."

கிடைத்தது ஒரே ஒரு படம். சிரித்தபடி முன்னால் வந்துவிட்ட ரேவதி ஓரத்தில் ஆடியிருக்கிறாள். உங்கள் தோட்டம் இருக்கும் திசையில் விழுந்த மின்னல், அதற்கு இந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு புகை. உங்கள் புகைக்குப் பக்கத்தில் அதைப் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். கேமரா பரணுக்குப் போகவில்லை. பீரோவில்தான் இருக்கிறது.

அன்று திரும்பும் வழியில் ஆலங்கட்டி வேன் கூரையில் கொட்டியபோது அவள் கைப்பையைத் திறந்து வேர்க்கடலையை எடுத்தாள். அதை எப்போது வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டிருப்பீர்களா?

ஒரு வாக்குத் தருகிறேன் மாமா. இனி எந்த மின்னலையும் கரெக்டாக எண்ண மாட்டேன். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் உங்களுக்கு வீட்டு நிலவரம் சொல்வேன், கேட்க வேண்டாதது உட்பட. இடி கேட்டதும் நிறுத்திவிடுவேன். அதுவரை குறுக்கே பேசாமல் கேளுங்கள், முடிந்தால்.

ஸ்டாப்வாட்சை ஃபேக்டரியிலேயே வைத்துவிட்டு வரும்,
உங்கள் மாப்பிள்ளை.